டீசலில் தண்ணி

லாரியின் டீசல் ஃபில்டர் மேலிருந்த ஏர் ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு ஊரிலிருந்து ஏறிவந்த மெக்கானிக் ஜப்பார் கைப்பம்பை அடிக்கத் தொடங்கினான். இருபது அடி, முப்பது அடி. டீசல் வரவில்லை, நுரைகூட எட்டிப்பார்க்கவில்லை. பம்பின் குமிழை மேலே இழுத்தால், உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோலத் திரும்பக் கீழே போனது.

அவனைவிட நாலு வயது மூத்த சோவியத் காலத்து லாரி அது. மேலே ஷயிர்குல் மலை மேய்ச்சலில் கழித்த கோடைக்காலம் முழுவதும் ஏறியிருந்தது: சுருட்டிய கம்பளிக் கூடாரம், அதன் மரக்கால்கள், உலர்ந்த தயிர் உருண்டை மூட்டைகள், இரும்பு அடுப்பு. அவள் புருஷன் நேற்றே குதிரையேறி மந்தையை ஓட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். கூடாரத்தைப் பிரித்த இடத்தில் மஞ்சள் புல் வட்டமாகத் தெரிந்தது. கணவாய்க்கு மேலே மேகம் சாம்பல் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பனி விழுந்தால் இந்த லாரி அடுத்த மே மாதம்வரை இங்கேதான்.

"மறுபடியும் டீசல்ல தண்ணியா?" என்றாள் ஷயிர்குல். "இந்தத் தடவை டவுன் பங்க்ல நானே நின்னு அடிச்சேன். அந்த மாமிர் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கல."

மாமிர் என்ற பெயர் காதில் விழுந்ததும் ஜப்பார் கையிலிருந்த ஸ்பேனர் வழுக்கியது.

மூன்று வாரத்துக்கு முன் இதே லாரி கணவாய் ஏற்றத்தில் நின்றுபோனது. கட்டியிழுத்து அவன் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே சாவியைத் திருப்பியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. என்ன கோளாறு என்று அவனுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஏழெட்டு டிரைவர்கள் சுற்றி நின்றார்கள். "டீசல்ல தண்ணி. எங்க வாங்கினே?" என்று கேட்டுவைத்தான். ஃபில்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவள் வாங்கியது கூட்டுரோட்டில் கேன்களில் டீசல் விற்கும் மாமிரிடம். ஷயிர்குல் நேராகப் போய் அவனுடைய எட்டுக் கேன்களையும் உதைத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள். மாமிர் ஓடிப்போய் ரொட்டியை எடுத்துவந்து, இரண்டு கையாலும் நெற்றிக்கு நேரே பிடித்துச் சத்தியம் செய்தானாம். ரொட்டிமேல் பொய்ச்சத்தியம் செய்கிறவனும் இருக்கிறான் பார் என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சை ஜப்பாரும் தேநீர்க் கடையில் உட்கார்ந்து கேட்டான். கேட்டுக்கொண்டு தேநீரைக் குடித்து முடித்தான்.

இப்போது அவன் தொட்டியிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, பம்பில் வேறொரு ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையைத் தான் கொண்டுவந்த டீசல் கேனுக்குள் விட்டான். கைப்பம்பை அடித்தான். சளசளவென்று நுரை வந்தது. பிறகு நூல்போலச் சுத்தமான டீசல். ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு, "போடுக்கா" என்றான். இரண்டு இருமல். மூன்றாவதில் இன்ஜின் உறுமி எழுந்தது.

"ஓடுதுடா!" ஷயிர்குல் கைதட்டினாள்.

"நிறுத்துக்கா. இன்னும் முடியல."

பம்ப் நன்றாக இருக்கிறது, இன்ஜின் நன்றாக இருக்கிறது. அப்படியானால் கோளாறு தொட்டிக்குள். கழற்றிய ஹோஸை வாயில் வைத்து ஊதினான். கன்னம் வலித்தது, காற்று போகவில்லை. மூச்சைப் பிடித்து மறுபடி ஊதியபோது உள்ளே குபுக் என்று ஒரு சத்தம். துரு அடைத்திருந்தால் இப்படிச் சட்டென்று விடாது. ஏதோ ஒன்று குழாய் வாயில் ஒட்டிக்கொள்கிறது. இன்ஜின் நின்று உறிஞ்சல் ஓய்ந்ததும் விலகி மிதக்கிறது. அன்றைக்குக் கொட்டகையில் ஓடியதும் அதனால்தான். இந்தத் தடவை விலகாமல் சிக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ஷயிர்குல் கயிறுகளை இறுக்க அந்தப் பக்கம் போயிருந்தாள். ஜப்பார் ஒரு கம்பியின் முனையை வளைத்துத் தொட்டிக்குள் விட்டுத் துழாவினான். கனமாக எதுவோ மாட்டியது. வெளியே இழுத்தான். நீலப் பூப்போட்ட துணி. அவன் மனைவியின் பழைய தலையணை உறை. ஆகஸ்டில் இந்தத் தொட்டியைச் சுத்தம் செய்தது அவன்தான். இந்த உறையால் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தபோது குதிரைப் பந்தயம் தொடங்கிவிட்டதென்று கூப்பிட்டார்கள். மூடியை மாட்டிவிட்டு ஓடினான்.

துணியைப் பிழிந்து கோட்டுப் பைக்குள் திணித்தான். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகவே செய்தது.

"என்னடா இருந்துச்சு?"

"குழாய்ல அடைப்புக்கா. சரியாயிடுச்சு."

"நீ மட்டும் இல்லேன்னா நான் செத்தேன்," என்று அவள் இரண்டு கைப்பிடி தயிர் உருண்டையை அவனிடம் நீட்டினாள். துணி இல்லாத பையில் போட்டுக்கொண்டு, ஹோஸைத் திரும்ப மாட்டிவிட்டு, அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

கணவாயைத் தாண்டி இறங்கும்வரை லாரி ஒருமுறைகூட இருமவில்லை. அது திக்கியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பையிலிருந்து டீசல் கசிந்து தொடையை நனைத்தது. ஷயிர்குல் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினாள். கூட்டுரோடு தூரத்தில் தெரிந்ததும் பாட்டு நின்றது.

"அவன் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்கு இப்பவும் பத்திக்கிட்டு வருது," என்றாள்.

ஜப்பார் துணியை எடுத்து அவள் முன்னால் வைத்தான். ஆகஸ்ட் மாதத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்ல இரண்டு நிமிடம்தான் ஆனது. கூட்டுரோடு வந்ததும் அவள் வண்டியை ஓரங்கட்டினாள்.

"அன்னைக்கு அவன் ரொட்டியத் தூக்கினப்போ, நான் சிரிச்சேன்டா," என்றாள். "நீ வாயாலதான் சொன்னே. காலால உதைச்சது நான்." பிறகு, "எறங்கு. ரெண்டு பேருமே போவோம்" என்றாள்.

சாலையோரத்தில் இரண்டே கேன்கள் இருந்தன. பக்கத்தில் முக்காலியில் ஒரு பெண். மாமிரின் மனைவி என்று முகத்தைப் பார்த்ததும் ஜப்பாருக்குத் தெரிந்தது. அவளுக்கு இவர்களைத் தெரியவில்லை. வண்டியிலிருந்து ஆள் இறங்கி வருவதைக் கண்டதும் அவசரமாக எழுந்தாள்.

"மாமிர் இல்லையா?" என்று கேட்டாள் ஷயிர்குல்.

"ரஷ்யாவுக்குப் போயிட்டாருக்கா. கட்டட வேலை. செவ்வாக்கிழமை பஸ் ஏறினாரு. இங்க யாவாரம் படுத்துப்போச்சு." அதை ஒரு குறையாகச் சொல்லாமல், வானிலையைச் சொல்வதுபோலச் சொன்னாள். "எத்தனை லிட்டர் வேணும்?"

"தங்கச்சி, நாங்க வந்தது..." என்று ஜப்பார் தொடங்கினான்.

"தெரியும்ணே. எல்லாரும் கேக்கறதுதான். இருங்க."

அவள் குனிந்து ஒரு காலி ஜாம் பாட்டிலை எடுத்தாள். பாவாடையில் துடைத்து, கேனைச் சாய்த்து அது நிறைய டீசலை ஊற்றினாள். பிறகு மேற்கே திரும்பி, சாயும் வெயிலுக்கு நேரே அதை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள். தேன் நிறத்தில் அது அசைந்து அடங்கியது.

"அடியில பாருங்கண்ணே," என்றாள். "ஒரு சொட்டாவது தண்ணி இருக்கா?"

"இல்ல," என்றான் ஜப்பார். "அன்னைக்கும் இல்ல."

அவள் பாட்டிலை இறக்கவில்லை. மெல்லத் தலையை மட்டும் திருப்பி முதலில் அவனையும், பிறகு நெடுநேரம் ஷயிர்குலின் கால்களையும் பார்த்தாள். மஞ்சள் வெளிச்சம் அவள் முழங்கை வரைக்கும் நடுங்கிக்கொண்டிருந்தது.