கடல்பக்கக் கோல்

கின்ஹேவன் அணி இரண்டாம் டிவிஷனில் ஒன்பதாம் இடத்தில் இருந்த ஒரு நவம்பர் மாதம், சனிக்கிழமை மதியம் ஊருக்குள் புகுந்த கடல்மூட்டம் திங்கட்கிழமைக்குள் எல்லா இடத்தையும் விட்டு விலகியது. கால்பந்து மைதானத்தின் கடல்பக்கக் கோலை மட்டும் விடவில்லை. அதற்குள் கோல்கீப்பர் டூகல் ராட்ரே நின்றுகொண்டிருந்தான். அதே வாரம் ஹெரிங் மீன் பெட்டிக்கு இரண்டு ஷில்லிங் விலை ஏறியது, ஊர் முதலில் அதைப் பற்றித்தான் பேசியது. மூட்டம் எங்கள் கடற்கரைக்குப் புதிதல்ல. ஒருமுறை பாதிரியாரின் பசுவை மூன்று வாரம் மறைத்து வைத்திருந்து, சினையாகத் திருப்பிக் கொடுத்தது. ஆகவே ஆளையும் அதுவே திருப்பிக் கொடுக்கும் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

அவன் உள்ளே அகப்பட்ட கதை இதுதான். அந்தச் சனிக்கிழமை ஸ்ட்ராத்டூன் அணியோடு ஆட்டம். இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. இரண்டாம் பாதியில், பந்து எங்கே போனது என்று அதை உதைத்தவனுக்கே தெரியாமல் போனதும், ரெஃப்ரி ஆட்டத்தைப் பாதியில் கைவிட்டு எல்லாரையும் உள்ளே போகச் சொன்னார். கடல்பக்கக் கோலில் நின்ற டூகலிடம் யாரும் சொல்லவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல. கேப்டன் சொல்லியிருப்பான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். குளிக்கப் போயிருப்பான் என்று கேப்டன் நினைத்தான். காலையிலிருந்து முகத்தை உர்ரென்று வைத்திருந்தானே, கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான் என்று பயிற்சியாளர் நினைத்தார். வீட்டிலோ அவன் மனைவி இஷ்பெல், அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பான் என்று நினைத்துக் கதவைச் சாத்தினாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் மாமியாரும் மருமகளும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்ட பிறகுதான் ஆள் இரண்டு வீட்டிலும் இல்லை என்பது தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? ஓய்வுநாளில் பிள்ளைகள் ஆடும் ஊஞ்சலையே சங்கிலி போட்டுப் பூட்டுகிற ஊர் இது. மைதானத்துச் சாவியை வைத்திருந்தவர், "கர்த்தரோட நாள் முடியட்டும்மா, அவன் எங்க ஓடிடப்போறான்" என்றார். திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது மூட்டம் கெட்டிப்பட்டிருந்தது. ஒரு பக்கம் நுழைந்தவர்கள் மறுபக்கம் வெளியே வந்தார்கள், நடுவில் யார் கையிலும் யாரும் தட்டுப்படவில்லை. ஆனால் உள்ளேயிருந்து அவன் குளிருக்குக் கைதட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. புகைபோட்ட மீனின் வாசமும் வந்தது. வார நாட்களில் அவனுக்குப் புகைக்கொட்டகையில் வேலை.

இஷ்பெல் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுடைய அண்ணன் கனடாவில் டூகலுக்கு ஒரு வேலையும் குடியிருக்க ஒரு வீடும் பார்த்து வைத்திருந்தான். இந்த சீசன் முடியட்டும், இந்த சீசன் முடியட்டும் என்று மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான் டூகல். அந்தச் சனிக்கிழமை காலை அதே பேச்சு வந்தது. அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்தக் கோலையே கட்டிக்கிட்டு அங்கேயே நில்லு. வீட்டுப் பக்கம் வராதே" என்று சொல்லிவிட்டாள். அவன் வேகவைத்த முட்டையைத் தொடாமல் எழுந்து போனான். வாய்தவறி வந்த சொல் எழுத்துக்கு எழுத்து அப்படியே பலித்துவிட்டதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவள் மூட்டத்தின் ஓரம்வரை வந்தாள். உள்ளே அவன் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. வீட்டில் ஒருநாளும் இல்லாத நிம்மதி அந்த முணுமுணுப்பில் இருந்தது. கிடக்கட்டும் என்று கூப்பிடாமலே திரும்பிவிட்டாள். பெண்டாட்டியே கூப்பிடாதபோது நமக்கென்ன என்று மற்றவர்களும் திரும்பிவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை கிளென்பர்ன் அணி வந்தது. கோலுக்கு வேறு ஆளில்லாமல் சுவர் பூசுகிற ஒருவனை நிறுத்தினார்கள். பாவம், அவன் சாந்துக்கரண்டியைத் தவிர எதையும் ஒழுங்காகப் பிடித்தவனல்ல. ஆனால் இரண்டாம் பாதியில் கிளென்பர்ன்காரர்கள் கடல்பக்கம் அடித்த பந்துகள் எல்லாம் மூட்டத்துக்குள் போய், போன வேகத்தில் வெளியே வந்து விழுந்தன. கின்ஹேவன் ஒரு கோலில் ஜெயித்தது. ரெஃப்ரி நீளமாக விசில் ஊதினார். அப்போதுதான் உள்ளேயிருந்து டூகல் முதல்முறையாகப் பேசினான். "முடிஞ்சுதா?"

கோலுக்குப் பின்னால் இஷ்பெல் நின்றிருந்தாள். கூட்டம் முழுவதும் அவளைத்தான் பார்த்தது. பக்கத்தில் கிளப்பின் தலைவர் கார்கில், ஊருக்கெல்லாம் மாவுக்குள் இறைச்சி வைத்த பலகாரம் சுட்டு விற்பவர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஒரே ஒரு சனிக்கிழமைம்மா. அவனுக்கு என்ன கஷ்டம், குரலைக் கேளு, தெம்பாத்தானே இருக்கான். நம்ம ஊரு ஒரு தடவையாவது மேல் டிவிஷனைப் பார்க்க வேண்டாமா?" ஊருக்காக என்றால் அவள் கேட்டிருக்கமாட்டாள். அந்தத் தொடாத முட்டை இன்னும் நெஞ்சில் கிடந்தது. "இல்ல, ஃபவுல்" என்றாள். "இஷ்பெல், நீயா? ஆட்டம் பார்க்கவா வந்தே?" என்று டூகல் கேட்டான். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவள் ஆட்டம் பார்க்க மைதானத்தில் கால் வைத்ததில்லை. அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் அவளைச் சுட்டது. அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் நடந்து வெளியே வந்திருப்பான். இதில் கின்ஹேவனில் இன்றுவரை இரண்டு கருத்து இல்லை. "ஆமா, சும்மாதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போய் அழுதாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பத்திரிகையிலேயே வந்தது. உள்ளே வருகிற பந்து யாருடையது என்று டூகலுக்குத் தெரியாது. சொந்த அணி அடித்ததையும் சேர்த்தே பிடித்து வெளியே எறிந்தான். அதைப் புரிந்துகொண்ட கின்ஹேவன், கடல்பக்கம் நோக்கி ஆடும் பாதியில் கோல் அடிக்கும் ஆசையையே விட்டுவிட்டு, மற்றப் பத்துப் பேரும் பூச்சுவேலைக்காரனைச் சுற்றி வேலி மாதிரி நின்றார்கள். மறுபாதியில் காவலுக்கு ஒருவரையும் வைக்காமல் பதினொரு பேரும் முன்னால் ஓடினார்கள். வருகிறவர்களுக்குச் சங்கதி விளங்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். ரெஃப்ரிகள் யோசித்தார்கள். விதிப் புத்தகத்தில் மூட்டத்துக்கு எதிராக ஒரு வரியும் இல்லை. கண்ணால் காணாதவனைப் பன்னிரண்டாவது ஆள் என்று எழுதவும் முடியாது. வெளியூர் ஆட்டங்களில் தோற்றதை உள்ளூரில் ஈடுகட்டி, கிறிஸ்துமஸுக்கு ஐந்தாம் இடம், பனி உருகும்போது மூன்றாம் இடம். ஒவ்வொரு சனிக்கிழமையும் விசில் ஊதியதும் "முடிஞ்சுதா?" என்று குரல் வரும். இஷ்பெல் ஃபவுல் என்பாள், கார்னர் என்பாள், யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்பாள். கார்கில் தினமும் அவள் வீட்டுக்கு இரண்டு இறைச்சிப் பலகாரம் அனுப்பினார். கோபம் டிசம்பரிலேயே ஆறிவிட்டது. ஆனால் இத்தனை நாள் ஆகிவிட்டதே, இப்போது எந்த முகத்தோடு சொல்வது என்ற வெட்கம் அவள் வாயைக் கட்டியது. ஆறப்போட்ட சோறு மாதிரி உண்மை நாளுக்கு நாள் விறைத்துக்கொண்டே போனது.

பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. எல்ஸ்பெத் என்று பெயர் வைத்தார்கள். ஐந்தாவது வாரம் குழந்தையைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஆட்டமில்லாத ஒரு மதியம், இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்று இஷ்பெல் மூட்டத்தின் ஓரம் வந்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் குழந்தை அழுதது. உள்ளேயிருந்து டூகல் அதட்டினான். "யாரு அது, பச்சைக் குழந்தையை இந்தக் குளிர்ல தூக்கிட்டு வந்தது? அறிவு வேண்டாமா? எங்க வீட்டுலயும் ஒண்ணு வரப்போகுது, நான் இப்படி விடுவேனா? வீட்டுக்குக் கொண்டு போங்க." இஷ்பெல் குழந்தையை வீட்டுக்குக் கொண்டு போனாள்.

நவம்பரில் கைவிட்ட ஸ்ட்ராத்டூன் ஆட்டத்தை சீசனின் கடைசி ஆட்டமாக ஏப்ரலில் மறுபடி வைத்தார்கள். ஜெயித்தால் மேல் டிவிஷன். கனடாவுக்குக் கப்பல் புறப்பட இன்னும் மூன்று வாரம் இருந்தது, மூன்று டிக்கெட்டையும் அவள் அண்ணன் எடுத்து அனுப்பியிருந்தான். ஆட்டத்துக்கு முன்னால் இஷ்பெல் கார்கிலிடம், "இன்னியோட போதும், ஆட்டம் முடிஞ்சதும் கூப்பிட்டுடுவேன்" என்றாள். கார்கில் முகம் வாடியது. "மேல் டிவிஷன்ல அவன் இல்லாம எப்படிம்மா? ஒரே ஒரு வருஷம். அவனுக்கு அது ஒரு சாயங்காலம்தானே." சனிக்கிழமை என்று ஆரம்பித்தது வருஷம் என்று வளர்ந்துவிட்டதை அவள் அப்போதுதான் கண்டாள். இவர்கள் ஒருநாளும் விடமாட்டார்கள்.

இரண்டாம் பாதியில் கின்ஹேவன் ஒரு கோல் அடித்தது. முடியச் சில நிமிடம் இருக்கையில், மூட்டத்தின் விளிம்பில், திரும்பி ஓடிவந்த கின்ஹேவன்காரன் ஒருவன் கையில் பந்து பட்டு ஸ்ட்ராத்டூனுக்குப் பெனால்டி கிடைத்தது. ஊர் பயப்படவில்லை, டூகல் இருக்கிறான். அடிக்கிறவன் பந்தை வைத்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்றான். கோலுக்குப் பின்னால் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி இஷ்பெல் குரல் கொடுத்தாள். "டூகல், ஆட்டம் முடிஞ்சுபோச்சு. நவம்பர்லயே முடிஞ்சுபோச்சு. வெளியே வா." கார்கில் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

"பெனால்டி குடுத்திருக்காங்க, இப்பப் போய் விளையாடுறியே."

"விளையாடல. சத்தியமாச் சொல்றேன். இதுக்கு முன்னாடி நான் சொன்னதுதான் எல்லாம் பொய்."

"நீ எங்கிட்ட எப்போ பொய் சொல்லியிருக்கே?" என்றான் டூகல். "காலைல நீ கத்தினதை நான் மனசுல வெச்சுக்கல, இஷ்பெல். இந்தக் குளிர்ல வந்து நிக்கிறியே, அதுவே போதும். இங்க நின்னு யோசிச்சுப் பார்த்தேன், நீ சொல்றதுதான் சரி. கனடாவுக்கே போயிடலாம். இன்னும் கொஞ்ச நேரம்தான், இது முடியட்டும்."

பந்து மூட்டத்துக்குள் போனது. உடனே வெளியே வந்து விழுந்தது. அன்று கின்ஹேவனில் எழுந்த கூச்சல் மீன்பிடிக்கப் போன படகுகள்வரை கேட்டதாம். இஷ்பெல் மட்டும் அந்த ஈரப்புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

மேல் டிவிஷன் ஒரு வருடம்தான் இருந்தது. சங்கதி எல்லா ஊருக்கும் தெரிந்துபோய், வந்தவர்களும் ஒரு பாதி வேலியாக நின்று மறுபாதி முன்னால் ஓடினார்கள். கடைசி இடத்தோடு அணி இரண்டாம் டிவிஷனுக்கே திரும்பியது. அதற்குப் பிறகுதான் ஊருக்கு மனசாட்சி உறுத்தியது. கார்கில் கடையை மூடிவிட்டு ஊரையே திரட்டினார். பாதிரியார் வந்தார், பேண்டு வாத்தியம் வந்தது, அன்று ஆட்டத்தைக் கைவிட்ட ரெஃப்ரியையும் எங்கிருந்தோ தேடிப்பிடித்து விசில் ஊத வைத்தார்கள். எல்லாரும் ஒரே குரலில் ஆட்டம் முடிந்துவிட்டது என்று கத்தினார்கள். "இதெல்லாம் ஸ்ட்ராத்டூன்காரங்க தந்திரம்" என்றான் டூகல். "என் பெண்டாட்டி ஃபவுல்னு சொன்னா ஃபவுல்தான்." தும்பை விட்டு வாலைப் பிடித்தால் வேறென்ன ஆகும். கார்கில் அதன் பிறகு ஆட்டத்துக்கு வருவதையே விட்டுவிட்டார். இறக்கும்போதும் அதைத்தான் புலம்பினார்.

கப்பல் போய்விட்டது, அதற்குப் பின் எத்தனையோ கப்பல்கள் போயின. எல்ஸ்பெத் வளர்ந்து, அப்பாவை விட ஒரு வயது மூத்தவளான ஆண்டில், தான் மட்டும் கனடாவுக்குப் போனாள். புகைக்கொட்டகை மூடப்பட்டது, ஹெரிங் மீன் வேறு கடலுக்குப் போய்விட்டது. கின்ஹேவன் இன்றும் இரண்டாம் டிவிஷனில்தான், பெரும்பாலும் ஏழாம் இடம் எட்டாம் இடம். கடல்பக்கக் கோலில் எந்த அணி அடித்தாலும் கோல் விழாது என்பது எல்லாருக்கும் தெரியும். புதிதாக வரும் ரெஃப்ரி ஒருமுறை கேட்பார், விவரம் சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு மூட்டத்தைச் சுற்றி ஓடுவார்.

இஷ்பெலுக்கு எழுபது கடந்துவிட்டது. சனிக்கிழமை தவறாமல் கோலுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். நீள விசில் ஊதியதும் உள்ளேயிருந்து இருபத்தெட்டு வயதுக் குரல், முடிஞ்சுதா என்று கேட்கும். முடிந்துவிட்டது என்று பல வருடம் சொல்லிப் பார்த்தாள், அவன் சிரித்தான். இப்போதெல்லாம் "இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று மட்டும் சொல்கிறாள். "உன் குரலே கட்டிப்போச்சு, இங்க நிக்காதே" என்பான் அவன். "வீட்டுக்குப் போய் ஒரு முட்டை வேக வை. காலைல சாப்பிடாமயே வந்துட்டேன். பின்னாடியே வந்துடறேன்." அவள் சரி என்று சொல்லிவிட்டு, மேட்டுத்தெருவில் மெல்ல ஏறி வீட்டுக்குப் போய், முட்டையை வேக வைப்பாள்.