பசுவுக்கு வந்த பதில்

"யாருட்டி இந்தக் கண்ணபிரான்?"

உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி களைந்த ஈரக் கையோடு பூங்கொடி திரும்பிப் பார்த்தாள். அவளுடைய போன் புருஷன் மாரிச்சாமியின் கையில் இருந்தது.

"லைப்ரரி சாருங்க. மெடிக்கல் காலேஜ்ல இருக்காவ."

"லைப்ரரி சாருக்கு என் பொண்டாட்டிகிட்ட என்ன பேச்சு?"

அந்தப் பேச்சில் ரகசியம் ஒன்றும் இல்லை. வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற சுகாதார வேலை பூங்கொடிக்கு. கழுகுமலைச் சாலையை விட்டு விலகிக் கரிசல் காட்டுக்குள் கிடக்கிற ஊர். மழை விழுந்தால் டாக்டர் வருகிற ஜீப்பும் சகதியில் திரும்பிவிடும். இப்படிப்பட்ட ஊர்களில் வேலை பார்க்கிறவர்களுக்காக அந்தக் கல்லூரி நூலகம் ஓர் ஏற்பாடு செய்திருந்தது. சந்தேகத்தை வாட்ஸ்அப்பில் கேட்டால் போதும். நூலகர் கண்ணபிரான் புத்தகங்களில் தேடி, டாக்டர்களிடம் சரிபார்த்து, தமிழில் ஒரு பக்கம் அனுப்பிவைப்பார். பூங்கொடி வாயால் சொன்னால் "நீ என்ன டாக்டரா?" என்று கேட்கிற ஊர், அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினால் மறுபேச்சில்லாமல் கேட்டது. படிப்புக்கு மரியாதை உண்டு. அதைச் சுமந்து வருகிற பொம்பளைக்குத்தான் இல்லை.

மாரிச்சாமியைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். அவன் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீசில் எவனோ கேலி பேசிவிட்டான், அவ்வளவுதான். இனிமேல் போன் தன் சட்டைப் பையில்தான் இருக்கும் என்று அன்றைக்கே தீர்ப்புச் சொன்னான். அவளுடைய சுகாதார வேலைக் கணக்கைச் சாயங்காலம் அவன் முன்னால் உட்கார்ந்து போனில் ஏற்றலாம். லைப்ரரிக்காரரிடம் கேட்க வேண்டியதை அவனிடம் சொன்னால் அவனே கேட்டுவிடுவான்.

எதிர்வீட்டு மாடத்தியின் மருமகள் சத்யபிரியா அப்போது பச்சை உடம்புக்காரி. தலைப்பிள்ளை. ஒரு பக்க மார்பு கல்லாக வீங்கிச் சிவந்து காய்ச்சல் அனலாய் அடித்தது. பால் வற்றட்டும் என்று மாடத்தி மல்லிகைப் பூவை வைத்துக் கட்டி, பிள்ளையையும் பிரித்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம் என்று பூங்கொடி கெஞ்சினாள்.

"அங்கன ஆம்பள டாக்டருல்லா இருக்காரு. அவரு முன்னாடி மாரைத் தெறந்து காட்டச் சொல்லுதியா?" என்ற மாடத்தி, கொஞ்சம் இறங்கிவந்து, "ஒன் போன்ல எழுதி வரட்டும் தாயி, பாப்போம்" என்றாள்.

பூங்கொடி ஓடிவந்து மாரிச்சாமியிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். மறுநாள் விசாரித்தபோது, "அந்த லைப்ரரில அதெல்லாம் இல்லியாம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனான். பூங்கொடிக்கு நம்ப முடியவில்லை. போனை வாங்கிப் பார்க்கவும் வழியில்லை.

"பாத்தியா, புஸ்தகத்துலயே இல்லாத நோவுக்கு டாக்டரு என்னத்தப் பாப்பாரு?" என்றாள் மாடத்தி. சத்யபிரியா கண்ணைத் திறந்து பூங்கொடியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

நினைவு தப்பின பிறகுதான் அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனார்கள். சீழ் உள்ளே பரவிவிட்டது, கீறித்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். சத்யபிரியாவின் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று பூங்கொடி போனைக் கேட்டாள். கூட வந்திருந்த மாரிச்சாமி மனமில்லாமல் கொடுத்தான். அவள் விரல் முதலில் கண்ணபிரானின் பெயரைத் தொட்டது.

'ஐயா, வீட்டில் பசு கன்று போட்டிருக்கிறது. மடி வீங்கிக் காய்ச்சல் அடிக்கிறது. கன்றைப் பால் குடிக்க விடலாமா?' இது மாரிச்சாமி எழுதியது.

அதற்குக் கீழே பதில் இருந்தது. 'எங்களுடையது மனிதர்களுக்கான மருத்துவ நூலகம். இருந்தாலும் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். தள்ளிப்போடாமல் இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பாவம், வாயில்லாத ஜீவன்.'

பூங்கொடி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு பொம்பள மாரைப் பத்தி இன்னொரு ஆம்பளைக்கு எப்பிடிட்டி எழுதச் சொல்லுத?" அவன் குரல் எழும்பவில்லை.

பச்சைத் திரைக்குப் பின்னால் கத்தியோடு நின்றவரும் ஆம்பளைதான். மாடத்தி அந்தத் திரையைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றாள்.

பூங்கொடி எழுதினாள்: 'பசு இல்லை சார். பெண்.' அனுப்பிவிட்டுப் போனைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். மாரிச்சாமி கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

மாடத்தியின் தோளில் கிடந்த பிள்ளை வீறிட்டு அழுதது. மாரிச்சாமியைக் கூப்பிட்டு, பக்கத்தில் எங்கேயாவது பசும்பால் கிடைக்குமா என்று பார்த்துவரச் சொன்னாள் மாடத்தி.