வள்ளிநாயகத்தின் பெருவிரல்

கோடித்துணியின் ஓரத்தில் ஒரு கீற்றுக் கிழித்து, வள்ளிநாயகத்தின் இரு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார் அவருடைய தம்பி பகவதியப்பன். வலக்கைப் பெருவிரலில் சதையென்று ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. காய்ந்த முருங்கைக்காய்போல் தோலும் எலும்புமாய்க் கிடந்தது. முடிச்சு நழுவி நழுவி வந்தது. தலைமாட்டில் அமர்ந்திருந்த அழகம்மை கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை. கால்மாட்டில் கேமராவை ஏந்தி நின்ற மகன் சுனிலின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடியலில் உயிர் பிரிந்திருந்தது. உடலை நீராட்டக் குளத்திலிருந்து நீர்மாலை எடுத்துவர ஆண்கள் முற்றத்தில் கூடிவிட்டார்கள். குளிப்பாட்டிக் கோடி போர்த்துமுன் அப்பாவின் முகத்தை ஒரு படம் எடுத்து அனுப்பும்படி மஸ்கட்டிலிருந்து மகள் ராஜி அழுது கேட்டிருந்தாள். நிறைமாதக்காரி, விமானம் ஏற வழியில்லை. மொபைல் வேண்டாம், அப்பாவின் கேமராவிலேயே எடு அண்ணா என்று அவள் மன்றாடியதால், ஆண்டுக்கணக்காய் அலமாரியில் உறங்கிய அதற்குச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான் சுனில்.

"ஏலே, கண்ண மூடிக் கெடக்கவனுக்கு எத்தன படம்லே? உங்கப்பனா இருந்தா ஒண்ணோட முடிச்சிருப்பான்" என்றார் பகவதியப்பன். சிரிக்கத் தொடங்கிய குரல் பாதியில் இருமலாகிவிட்டது.

"தெளிய மாட்டங்கு சித்தப்பா. எடுக்க எடுக்கப் பொகை மாரி வருகு."

அழகம்மை கையூன்றி எழுந்து, மகனருகே சென்று, கேமராவின் சிறு திரையை எட்டிப் பார்த்தாள். கணவனின் முகம் பனிக்குள் கரைந்த விளக்குப்போல் இருந்தது. பின்சுவரில் தொங்கிய நாட்காட்டியின் எழுத்துகளோ ஒவ்வொன்றும் செதுக்கியதுபோல் துலங்கின.

இத்தகைய படத்தை அவள் முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

இராஜாக்கமங்கலம் சந்திப்பில் வள்ளிநாயகம் ஸ்டுடியோ வைத்திருந்த காலம். அஞ்சுகிராமத்துத் திருமணம் ஒன்றில் தாலி கட்டிய கணம் முழுதும் புகைந்துபோயிற்று. மணமக்கள் மங்கிக் கிடக்க, பின்னால் நின்ற நாதசுரக்காரரின் காதுமயிர் வரை தெளிவாய் விழுந்திருந்தது. பெண்ணின் தகப்பனார் ஆல்பத்தை மேசைமேல் எறிந்துவிட்டுப் போனார். கடையை அடைத்தபின் மனைவியிடம் கேமராவைக் காட்டி விளக்கினார் வள்ளிநாயகம். சுட்டுவிரலால் அழுத்தும் முன்பொத்தான் படத்தை எடுக்குமேயன்றி முகத்தைத் தெளியவைக்காது. அந்த வேலை பின்பக்கத்துச் சிறு பொத்தானுடையது. அதைப் பெருவிரல்தான் அழுத்த வேண்டும்.

"வெரலு சொன்ன சொல்லு கேக்க மாட்டங்கு, அழகம்மை" என்றார். எண்ணெய் தேய்த்தால் சரியாகும் என்று அவள் நினைத்தாள். பெருவிரலில் தொடங்கியது உள்ளங்கைக்குப் போயிற்று, தோளுக்கு ஏறியது, நாவைக் கட்டியது, இறுதியில் மூச்சில் வந்து அமர்ந்தது. அவருடைய தமையனும் அப்படியே தேய்ந்துதான் மறைந்தார். திருவனந்தபுரத்து மருத்துவர் அவளைத் தனியே அழைத்து, சில குடும்பங்களில் இது இரத்தத்தோடு இறங்கிவரும், பிள்ளைகளையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார்.

அச்சொல்லை அவள் எவரிடமும் சொல்லவில்லை. தாணுமாலயன் சந்நிதியில் கண்ணீர் வழிய நின்றபோதும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று அஞ்சினாள். ஊருக்கு வரும்போதெல்லாம் மகன் சட்டைப் பொத்தான் இடுவதைப் பார்ப்பாள். சோறு பிசைவதைப் பார்ப்பாள். அவன் கையிலிருந்து ஒரு கரண்டி நழுவினால் அன்றிரவு அவளுக்கு உறக்கமில்லை. மலையும் கடலுமாய்ச் சுற்றி அவன் தன் கேமராவில் எடுத்தனுப்பும் படங்கள் பளிங்காய்த் தெளிந்திருக்கும்; அவையே அவளுக்குத் திருநீறு.

இப்போது அவன் படமும் புகைந்துவிட்டது. கூற்றுவன் ஒருவரைக் கொண்டுபோன கையோடு வாசலிலேயே நிற்கிறான் போலும்.

அவள் மகனின் மணிக்கட்டை இறுகப் பற்றினாள்.

"பெருவெரல மடக்கு மக்கா."

துக்கத்தில் புத்தி தடுமாறுகிறதென்று எண்ணிப் பெண்கள் அவளைப் பிடிக்க வந்தார்கள். அவள் உதறினாள். சுனில் மடக்கினான், நீட்டினான்.

"உள்ளதச் சொல்லு. அது சொன்னபடி கேக்கா?"

"எதும்மா?"

"பின்னால அமுக்குத வெரலு."

"பின்னால என்னத்துக்கு அமுக்கணும்? எனக்க கேமராவுல முன்னால உள்ள பட்டன்தான எல்லாத்துக்கும்?"

அவன் மறைக்கிறானா, மெய்யாகவே அறியாதவனா என்று அவளுக்கு விளங்கவில்லை. எல்லாக் கேமராவும் கணவனுடையதுபோலத்தான் என்று இத்தனை காலம் நம்பியிருந்தவள் அவள். எழுத்துத் தேய்ந்து வெளுத்திருந்த பின்பொத்தானின்மேல் மகனின் பெருவிரலைத் தானே எடுத்து வைத்தாள்.

"அமுக்கு."

லென்ஸ் உள்ளுக்குள் முனகித் திரும்பியது. சின்னதாய் ஓர் ஒலி கேட்டது. அவன் படத்தை எடுத்துத் திரையைத் திருப்பினான். பனி விலகியிருந்தது. கன்னத்து நரைமுள் ஒவ்வொன்றும், நெற்றித் திருநீற்றின் வெடிப்பும், மார்பின்மேல் கட்டுண்ட பெருவிரல்களும் அப்படி அப்படியே இருந்தன.

அழகம்மை மகனின் விரலை விட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பகவதியப்பன் தலைகுனிந்தவாறே சொன்னார்: "தெளிய வைக்குத வேலைய அண்ணன்தான் பின்பட்டனுக்கு மாத்தி வச்சிருந்தான், மைனி. வெரலு போனப்பறம் ஸ்டுடியோவுல கூட நின்ன செல்வதாஸ் சொன்னான், முன்பட்டனுக்கே திருப்பி வச்சுக்கிடும், இன்னும் கொஞ்சநாள் படம் எடுக்கலாம்னு. அண்ணன் கேக்கல்ல. பெருவெரலு திரும்பி வரும்லே, வரும்போ அதுக்கு ஒரு எடம் வேண்டாமான்னான்."

முற்றத்தில் யாரோ சங்கின் மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீ எதுக்கும்மா எனக்க வெரலப் பாத்து இப்பிடிப் பயந்த?" என்று சுனில் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"ராஜிக்கு அனுப்பு மக்கா. பிள்ளை காத்துக் கெடப்பா."

அவன் அசையவில்லை. அவன் பார்வை தந்தையின் கட்டுண்ட விரல்களுக்குச் சென்றது. பிறகு, சுவரில் மாலையிட்டுத் தொங்கிய பெரியப்பாவின் படத்துக்குச் சென்றது. அங்கிருந்து தாயின் முகத்துக்கு வந்தது. அவள் முந்தானையால் கணவனின் நெற்றியில் இல்லாத ஈயை ஓட்டினாள். பகவதியப்பன் வெளியே நின்று பேர்சொல்லி அழைக்க, கேமராவைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு அவன் நீர்மாலைக்குப் புறப்பட்டான்.

திரும்பி வருகையில் சங்கும் சேகண்டியும் முன்னே வந்தன. நான்கு பேர் பிடித்த வெள்ளை வேட்டியின் நிழலில், ஈர உடையோடு, தோளில் நிறைகுடம் சுமந்து வந்தான் சுனில். பெண்கள் அழுகையைக் கூட்டினார்கள். அழகம்மை மட்டும் அழவில்லை. குடத்தின் விளிம்பைப் பற்றியிருந்த அந்த ஒரு விரலிலேயே அவள் கண் நின்றது. நீர் தளும்பி அவன் முழங்கை வழியே ஒழுகியது. நடையில் தளும்பியதாகத்தான் இருக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவன் படியேறி, தந்தையின் காலருகே குடத்தை இறக்கிவைத்தான். எல்லோரும் உடலைத் தூக்கக் குனிந்த வேளையில், எவரும் பார்க்கவில்லை என்று எண்ணி, வலக்கைப் பெருவிரலை மெல்ல ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தான்.