பூட்டி வைத்த சிரிப்பு

தன் கைக்குழந்தை யாரைப் பார்த்தும் சிரித்துவிடக் கூடாது என்று லவீனா மூன்று வாரமாகக் காவல் இருந்தாள். கிச்சுகிச்சு மூட்ட வந்த தம்பியை வாசலோடு விரட்டினாள். நாய்க்குட்டியைக்கூட நம்பவில்லை.

அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களின் வழக்கம் அப்படி. குழந்தையை முதன்முதலில் வாய்விட்டுச் சிரிக்க வைப்பவர்தான் ஊரைக் கூட்டி விருந்து வைக்க வேண்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கையால் ஒவ்வொருவருக்கும் உப்புக்கல் கொடுத்து, சாப்பாடும் தர வேண்டும். தட்டிக்கழித்தால் பிள்ளை கஞ்சனாக வளரும். பழி சிரிக்க வைத்தவர் தலையில்.

அந்தத் தலை யாருடையது என்று லவீனா முடிவு செய்திருந்தாள்: நாற்பது மைலுக்கு ஒரே மளிகைக்கடையின் மேலாளர் எல்ராய் பிட்ஸிலி.

மூத்தவள் ஷாண்டீனுக்கு மூன்று வயது. ரத்தத்தில் இரும்புச்சத்து போதவில்லை. வீட்டில் மாதக் கடைசி என்றால் வெறும் ரொட்டிதான் என்று தெரிந்த டாக்டர், மருந்துச் சீட்டில் கீரையும் பழமும் எழுதிக் கொடுத்தார். கடையில் காட்டினால் காசில்லாமல் தர வேண்டும்; காசை மருத்துவமனை கட்டிவிடும். எல்ராய் தந்தார்: வாடியதை. புதுக்கீரை காசுக்காரர்களுக்கு. லவீனா நல்ல கட்டாகப் பார்த்து எடுத்த அன்று, வரிசை முழுக்கக் கேட்கும்படி கடை விதிகள் எழுதிய தாளை வாசித்து, விரலை ஆட்டி, பையிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்கச் சொன்னார். ஷாண்டீன் கையிலிருந்த பீச் பழத்தையும் பிடுங்கிக்கொண்டார். அவர் தலைக்கு மேல் 'குழந்தை நலத்தின் தோழன்' என்ற கேடயம் பளபளத்தது.

ஆடிய விரலைப் பார்த்துக் கைக்குழந்தையின் உதடு கோணியது. சிரிப்பு வரவில்லை. லவீனாவுக்கு யோசனை வந்தது.

மூன்று வாரம் கழித்து, ஊரே கடையில் நிற்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடையில் இருந்ததிலேயே நல்ல கீரையோடு வரிசையில் நின்றாள்.

"மறுபடியும் நீயாம்மா? போன தடவ சொன்னது மண்டைல ஏறலியா?"

"ஏறலீங்க. நிறுத்தி நிதானமா, விரலை ஆட்டிப் படிங்க. புரிஞ்சுக்கறேன்."

படிக்கச் சொன்னால் எல்ராய் மறுப்பாரா? கண்ணாடியை மாட்டினார். விரல் இடமும் வலமும் போனது. குழந்தையின் கண்ணும் கூடவே போனது. "மேலாளரின் முடிவே இறுதியானது" என்று அவர் விரலை உச்சிக்குத் தூக்கியபோது குழந்தை கெக்கெக்கே என்று கடை அதிரச் சிரித்தது.

வரிசையில் லவீனாவுக்குப் பின்னால் நின்ற எல்ராயின் சொந்தச் சித்தி கிளாடிஸ் கூடையைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி லவீனா, இதுதான் முதல் சிரிப்பா?"

"ஆமாங்க. சத்தியமா."

"நான் எங்க சிரிக்க வச்சேன்? ரூல்ஸ்தானே படிச்சேன்!" எல்ராயின் குரல் கீச்சிட்டது.

"அப்ப ரூல்ஸ் வந்து ஆட்டுக்கறி சமைக்குமாடா?" என்றாள் கிளாடிஸ். "எலும்பாப் போட்டு ஊர ஏமாத்தாத. நான் மோந்து பாப்பேன்."

"பழமும் கீரையும் கண்டிப்பா வேணுங்க," என்றாள் லவீனா பணிவாக. "நான் கூப்பிடற பாதிப் பேர் டாக்டர் சீட்டுக்காரங்க."

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூடத்தில் எல்ராய் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தான் விரட்டிய ஒவ்வொரு தாய்க்கும் உப்பு கொடுத்தார், அன்றைக்கு லாரியில் வந்து இறங்கிய கீரையும் கொடுத்தார். ஷாண்டீன் கீரையைச் சீண்டவில்லை. முலாம்பழத்தில் முகம் புதைத்தாள். லவீனா வேண்டுமென்றே வரிசையின் கடைசியில் நின்றாள். அவர் முகத்தை முழுசாகப் பார்க்க அதுதான் நல்ல இடம்.

"இப்பத் திருப்திதானே?" என்று பல்லைக் கடித்தார் எல்ராய்.

"எங்கங்க? தங்கச்சிக்கு அடுத்த மாசம் பிரசவம். எங்க சித்தி பொண்ணுக்கு ரெட்டையாம்."

திங்கட்கிழமை புதுக்கீரை கடையின் முன்தட்டுக்கு வந்தது. சீட்டோடு யார் கைக்குழந்தையைத் தூக்கி வந்தாலும் எல்ராய் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவர்போல் தலையை மட்டும் அசைத்தார்.