வற்ற வேண்டிய குழாய்

ஸ்கேன் எடுக்கும்போது அக்காவுக்கு வாய் ஓயாது. படுத்திருப்பவள் எவளானாலும், "உள்ள இருக்கிற ஆளு உங்களைவிடப் பிடிவாதம், திரும்பவே மாட்டேங்குது" என்று சிரிக்க வைத்துவிடுவாள். இன்று படுத்திருந்தவள் சொந்தத் தங்கை, எட்டாம் மாதம். அக்காவுக்குப் பேச்சே வரவில்லை.

திரையில் குழந்தையின் மூளைக்கு நடுவே கறுப்பாகச் சின்னக் குழி. அதற்குள் சிவப்பும் நீலமும் கொப்பளித்தன. ரத்தம் ஓடுகிற இடத்தில்தான் இயந்திரம் நிறம் காட்டும். வெறும் தண்ணீராக இருந்தால் கறுப்பாகவே இருந்திருக்கும்.

கருவில் மூளை உருவாகத் தொடங்கும்போது, நடுவில் தற்காலிகமாக ஒரு குழாய் ரத்தத்தை வடித்துக்கொண்டிருக்கும். மற்ற ரத்தக்குழாய்கள் வெளியிலிருந்து மூளைக்குள் கிளைவிட்டு இறங்கியதும், வந்த வேலை முடிந்ததென்று அது வற்றிவிட வேண்டும். சில குழந்தைகளுக்கு வற்றாது. பலூன் மாதிரி ஊதிக்கொண்டு சின்ன இதயத்தைப் பாடாய்ப் படுத்தும். கடவுளே, இவளுக்கா? போன தடவை பறிகொடுத்ததே இன்னும் ஆறவில்லையே!

"ஏன்க்கா பேச மாட்டேங்கிற?"

"ஒண்ணுமில்லடி. அசையாம படு."

தங்கை அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "போன தடவையும் இதையேதான் சொன்ன."

சொன்னாள்தான். குழந்தையின் துடிப்பு நின்றுபோனதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எதுவானாலும் டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. அதன் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

டாக்டரைக் கூப்பிட எழுந்தவளின் கண் திரையின் ஓரத்தில் விழுந்தது. எவ்வளவு வேகமான ஓட்டத்துக்கு நிறம் காட்ட வேண்டும் என்கிற அளவு அடிமட்டத்தில் கிடந்தது. சற்றுமுன் வந்த கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியில் மந்தமாக ஓடிய ரத்தத்தைப் பிடிக்க அவளே இறக்கி வைத்தது. அப்படியே விட்டால், பக்கத்துக் குழாயின் நிறமெல்லாம் வழிந்து தண்ணீரிலும் பரவிவிடும். ஒருவர் ஸ்கேன் முடிந்து எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் மாற்றுவாள். இன்று தங்கையைக் கண்ட பதற்றத்தில் மறந்து தொலைத்திருக்கிறாள்.

குமிழைத் திருகி அளவை ஏற்றினாள். நிறம் குழியை விட்டு விலகி, சுற்றியிருந்த மெல்லிய குழாய்களுக்குள் அடங்கியது. குழியில் வெறும் தண்ணீர். எத்தனையோ குழந்தைகளுக்குத் தீங்கில்லாமல் இருப்பதுதான்.

போன உயிர் திரும்பி வந்த நிம்மதியில் அக்கா விசும்பிவிட்டாள். தங்கையின் முகம் வெளுத்தது.

"போச்சாக்கா?"

"ஐயோ, இல்லடி! நிஜமாவே ஒண்ணுமில்ல!"

யார் நம்புவார்கள்? விதியாவது மண்ணாவது என்று அக்கா திரையை அவள் பக்கம் திருப்பினாள். குழி, நிறம், தன் முட்டாள்தனம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டித் தீர்த்தாள். போன தடவை மறைத்ததையும் சேர்த்துத்தான்.

தங்கை திரையில் அந்தக் குழியைத் தேடிப் பார்த்தாள்.

"டாக்டரும் வந்து பார்க்கட்டும்" என்றாள். அக்காவின் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. "அதுவரைக்கும் வாயை மூடாதே. ஏதாவது பேசிக்கிட்டே இரு."