ஏல மிச்சம்

எழுபத்தோராயிரத்து முந்நூறு ரூபாய் வரவு என்று கைபேசிக்குச் செய்தி வந்தது. துர்கா பள்ளி அலுவலகத்தில் தேர்வு நுழைவுச் சீட்டுகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். சம்பள நாள் இல்லை. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு வரி இருந்தது.

யாரோ கணக்கு எண்ணைத் தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கட்ட வைத்திருந்த பணமாகக்கூட இருக்கலாம். மதியம் அனுமதி வாங்கிக்கொண்டு மேற்குத் தாம்பரத்தில் தன் வங்கிக்குப் போனாள். பணத்தைத் திருப்பி அனுப்ப என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள்.

கவுண்ட்டரில் இருந்த அச்சுதன் திரையைப் பார்த்தார். தவறி வந்த பணம் இல்லை என்றார். ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் பெயரைச் சொன்னார். பம்மல் கிளை.

அந்தக் கிளை அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் கணவர் ஷ்யாம்சுந்தருக்கு வேலை போனபோது, தன் எட்டுப் பவுன் சங்கிலியை அங்கே அடகு வைத்தாள். கடன் அவள் பெயரில். போன சித்திரையில் சீட்டுப் பணம் மூன்று லட்சம் வந்தது. பள்ளியில் சேர்க்கை நேரம், அவளால் நகர முடியவில்லை. பணத்தை அவரிடம் கொடுத்தாள். சங்கிலியை மீட்டு நேராக லாக்கரில் வைத்துவிட்டதாக அன்று மாலை சொன்னார். அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். ரசீது கேட்கவில்லை.

வட்டியைக் கூடுதலாக வாங்கியிருப்பார்கள், அதைத் திருப்பித் தந்திருக்கிறார்கள் என்று பம்மல் போகும் வழியில் நினைத்துக்கொண்டாள். எழுபதாயிரம் வட்டி கூடுதலாக வராது என்பதும் தெரிந்தது.

கிளையில் சாராள் என்ற பெண் கணக்கை எடுத்துப் பார்த்தாள். சங்கிலி போன மாதம் ஏலத்துக்குப் போயிருந்தது. கடனும் வட்டியும் கழித்து மிஞ்சியதைக் கணக்கில் போட்டிருக்கிறார்கள்.

"போன வருஷமே எங்க வீட்டுக்காரர் வந்து திருப்பிட்டாரே."

"உங்க பேர்ல வச்சத உங்களுக்குத்தான் மேடம் தருவோம். நீங்க வராம வேற யார் கையிலயும் குடுக்க மாட்டோம்."

அடகு வைத்த அன்று அவளை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். நான்கு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு வருடமாக அது அவள் நினைவுக்கு வரவே இல்லை.

தனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை என்றாள். போனில் பலமுறை சொன்னதாக சாராள் எண்ணைக் காட்டினாள். ஷ்யாம்சுந்தரின் எண். பதிவுத் தபாலும் இரண்டு முறை போயிருந்தது. வாங்கியவர் கையெழுத்திட்ட அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

இரண்டிலும் தமிழில், அஞ்சலி.

மகளுக்கு முதல் வங்கிக் கணக்கு தொடங்கியபோது, தமிழில் போடு, அதுதான் அழகு என்று சொன்னவள் துர்கா.

"யாரு மேடம் இது?"

"எம் பொண்ணு."

சாராள் அட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் அஞ்சலி கல்லூரி ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தாள். துர்கா பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"தபால் ரெண்டு தடவ வந்துச்சாமே."

அஞ்சலி பேனாவை மூடினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சீட்டுப் பணத்தை அப்பா ஷேரில் போட்டார். மூன்று மாதத்தில் கூட்டி எடுத்து, நகையையும் மீட்டு, மீதியையும் அம்மாவிடம் காட்டலாம் என்றிருந்தார். எல்லாம் போய்விட்டது. முதல் தபாலைப் படித்துவிட்டுத்தான் அவரிடம் கொடுத்தாள். இரண்டாவதைப் பிரிக்கவில்லை.

"படிச்சிட்டு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அப்பா அழுதாரும்மா. பாவமா இருந்துச்சு."

"நான் அழுதிருந்தா?"

அஞ்சலி யோசித்தாள்.

"நீ அழ மாட்டியேம்மா."

துர்கா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். முகம் கழுவக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. மோட்டார் போடச் சொல்லலாம் என்று திரும்பியபோது, கதவுக்கு அப்பால் மகளின் குரல் கேட்டது. போனில், மெதுவாக.

"இப்ப வீட்டுக்கு வராதீங்கப்பா. அம்மாவுக்குத் தெரிஞ்சிடுச்சு. இல்ல, கத்தல. நீங்க சாப்ட்டுட்டு லேட்டா வாங்க. நான் சமாளிச்சுக்கறேன்."