தேறாத கருவி

பொழுது இன்னும் சரியாகப் புலரவில்லை. சோதனை அறையில் பேட்டரி சூடேறும் வாடை மூக்கைக் கரித்தது. ராத்திரி முழுக்கத் தூங்காத சோதனைக்காரிக்குக் கண்கள் மணல் விழுந்ததுபோல் உறுத்தின. பக்கத்து மேசையில் ஈயப் புகைக்குள் தலை நிமிராமல் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவரை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

அவர்கள் சோதித்துக்கொண்டிருந்தது நோயாளிகள் வீட்டில் வைத்துக்கொள்ளும் மூச்சுக் கருவி. கம்பெனியின் புதுச் சரக்கு. போட்டிக்காரன் முந்திவிடுவான் என்று முதலாளி வெளியீட்டு நாளை முன்னுக்கு இழுத்துக்கொண்டே வந்தார். வெட்டு விழுந்ததெல்லாம் சோதனை நேரத்தில்தான். சூடு ஆறவிட்டு சார்ஜ் ஏற்ற வேண்டிய பேட்டரிகளை ஓய்வில்லாமல் ஏற்றச் சொன்னார்கள். ஆட்களுக்கும் அதே கதி.

"பேட்டரிக்கே மூச்சு வாங்குது அண்ணே."

"வாங்கட்டும்மா. நமக்கு அதுக்கும் நேரமில்ல."

சொல்லி வாய் மூடவில்லை. அவர் கையிலிருந்த கருவியின் பேட்டரி உப்பிச் சீறி வெடித்தது; அவர் அதை உதறி எறிந்தார். அவள் அவரை இழுத்துப்போய்க் குழாயடியில் கையை நீட்டிப் பிடித்தாள். தோல் தண்ணீரோடு வந்தது.

அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியதுமே முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"வைத்தியத்த நான் பாத்துக்கறேன். சோதனை தேறிடுச்சுன்னு சாயங்காலம் சொல்லிடணும்."

"தேறலையே சார். வெடிச்சுதே."

"ஒண்ணு வெடிச்சா எல்லாமே வெடிக்குமா? முதல்ல அனுப்புவோம், அப்புறம் திருத்திக்கலாம்."

"அண்ணன் முழிச்சிருந்தாரு, உதறிட்டாரு. தூங்குற நோயாளி தலைமாட்டுல வெடிச்சா யார் சார் உதறுவா?"

"உன்னால முடியாதுன்னா வேற ஆள் இருக்கு."

முதலாளி மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார். வெடிச்சத்தம் கேட்டு இறங்கி வந்த பொறியாளர்கள் அங்கே நின்றிருந்தார்கள். தொழிற்சங்கம் என்ற பேச்சை எடுத்தாலே நழுவுகிறவர்கள். அவர்கள் கண்களும் சிவந்துதான் கிடந்தன.

"நீ வந்து முடி," என்று அவர்களில் ஒருத்தியான கண்ணாடிக்காரியைக் கூப்பிட்டார். பதவி உயர்வுக்குக் காத்திருந்தவள் அவள். அண்ணன் கையிலிருந்து வழிந்த தண்ணீர் காயாத தரையைப் பார்த்தாள்.

"என்னாலயும் முடியாது சார்." போய்ப் பேட்டரிகளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினாள். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை.

சோதனைக்காரிக்கு நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. வீட்டில் இவள் சம்பளம் ஒன்றுதான். பையைத் தோளில் மாட்டினாள்.

"அண்ணனப் பாக்கப் போறேன்."

"இருங்கக்கா, நாங்களும் வர்றோம்," என்றாள் கண்ணாடிக்காரி.

"இப்ப வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது!" முதலாளி கத்தினார்.

"வருவோம் சார். சோதனைய முழுசா செய்ய விடுங்க, எல்லாரும் சேர்ந்தே வருவோம்," என்றாள் சோதனைக்காரி.

கம்பெனி வண்டி அவர்களுக்காக நிற்கவில்லை. பொறியாளர்களும் சேர வாசலைத் தாண்டி, தெருவை அடைத்துக்கொண்டு மெதுவாக நடந்தார்கள்.